கூழ் ஆலைக்கு எதிராக ஒரு பஸ்

இண்டூர்ப் பக்கம் நவநீதனுக்கு ஒரு மாம்பழக் கூழ் ஆலை இருந்தது. கேத்தரின் அங்கே ஆறு சீசன் பழம் நறுக்கினாள். ஏழாவது சீசனில் ஒருநாள், வேலை முடிந்து கிளம்பும்போது அவள் பையில் இரண்டு பழம் இருந்தது. நவநீதன் திட்டக்கூட இல்லை. கைக்கொரு பழத்தைக் கொடுத்து, கடைசி ஆள் வெளியேறும்வரை கேட்டருகே நிற்கவைத்தான். அவள் மகளின் பள்ளி வேன் அந்த வழியாகத்தான் போனது.

அடுத்த வருஷம் ஒரு வெளிநாட்டு ஷூ கம்பெனி அந்த வட்டாரத்துக்கு வந்தது. மாதச் சம்பளம், பி.எஃப்., ஊருக்கே பஸ். கேத்தரின் தையல் பிரிவில் சேர்ந்து இரண்டே வருஷத்தில் சூப்பர்வைசர் ஆனாள். தை மாதம் மேனேஜர் அருண்குமார் கூப்பிட்டு, "உங்க ஊர்ல இன்னும் நாப்பது பேரு கெடைப்பாங்களா?" என்று கேட்டார்.

"கெடைப்பாங்க சார். வைகாசியில கூட்டியாறேன்."

"இப்பவே வரட்டுமே?"

"இப்ப தோதுப்படாதுங்க."

கூழ் ஆலை ராப்பகலாக ஓடுவது வைகாசியில்தான். அது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

நாலு மாதம் வீடுவீடாகப் போய்ப் பேசினாள். ஒருத்தியும் மூச்சு விடவில்லை. வைகாசி முதல் திங்கள், ஆலைக்குள் பதினோரு லாரி பழம் நின்றபோது, முப்பத்தெட்டுப் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். நாலாம் நாள் அழுகல் நாற்றம் ரோடுவரை வந்தது. பஸ் அந்த வழியே போகையில் கேத்தரின் ஜன்னலை நன்றாகத் திறந்துவைத்தாள்.

நவநீதன் அவள் வீட்டுக்கே வந்தான். முதல்தடவையாக 'ங்க' போட்டுப் பேசினான். "கூலிய ரெண்டு மடங்கா தரேன். பாதிப் பேரையாவது அனுப்புங்க."

"திருடி வூட்டுக்கு எல்லாம் வரலாமுங்களா?" என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

அடுத்த சீசனுக்கு ஆலை திறக்கவில்லை. அதோடு முடிந்ததென்றுதான் நினைத்தாள். ஆனால் கம்பெனி முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆள் எடுப்பதில்லை. ஆலையையே நம்பியிருந்த, அந்த வயதைத் தாண்டிய குள்ளம்மாளோடு இருபது பேர் வேலையில்லாமல் நின்றார்கள். "உன் ரோசத்துக்கு எங்க சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியே," என்று பஸ் ஸ்டாப்பில் எல்லார் முன்னாலும் கேட்டாள் குள்ளம்மாள். கேத்தரின் வந்து நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

நவநீதனோ நொடிந்து போகவில்லை. ஆலைக் கட்டடத்தை அறை அறையாகத் தடுத்து, வெளியூர்ப் பெண்களுக்கு ஹாஸ்டலாக அதே கம்பெனிக்கே வாடகைக்கு விட்டான். மாம்பழத்தைவிட இது தொந்தரவில்லாத வருமானம் என்று டீக்கடையில் சொன்னானாம். அதைக் கேட்ட அன்று கேத்தரின் சாப்பிடவில்லை.

ஹாஸ்டலில் குடிக்க வருவது பல்லைக் கறையாக்கும் போர்வெல் தண்ணீர். இப்போது சாப்பாட்டு இடைவேளையில் அவள் அந்தப் பெண்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறாள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நவநீதன் மேல் மனு கொடுக்கப் போகிறாள்.