ஒரு சிட்டிகைப் பெருங்காயம்

சென்ற ஆண்டு அரைப் பரீட்சை விடுமுறையில், திருவொற்றியூரில் எங்கள் தெருவைச் சேர்ந்த மூன்று குடும்பங்கள் ஒரு வேன் பிடித்து ஏலகிரிக்குப் போனோம். கூடாரம் போட்டுத் தங்கி, நாங்களே சமைத்துச் சாப்பிடுவதாக ஏற்பாடு. நான் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்ததே பெரிய விஷயம்.

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. கோதுமை அவளுக்கு ஆகாது. அதில் இருக்கும் குளூட்டன் என்கிற புரதம் துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சப்பாத்தி, ரவை, மைதா எதுவும் கூடாது. மாவு பட்ட கரண்டிகூடக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன் சொந்தக்காரர் வீட்டில் மறுக்க வெட்கப்பட்டு ஒரு கரண்டி கேசரி சாப்பிட்டுவிட்டு, நான்கு நாள் சுருண்டு கிடந்தாள்.

அதனால் சமையல் என் பொறுப்பு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அடுப்பு, குண்டான், கரண்டி எல்லாம் புதிது. பதினோரு பேருக்கும் ஒரே சாப்பாடு. அவள் மட்டும் தனியாக உட்காரக் கூடாது. மற்றவர்கள் வழியில் வாங்கிய பரோட்டா பொட்டலத்தை அடுப்புப் பக்கமே வர விடவில்லை.

"இன்னா மாமு, செக்போஸ்ட் போட்டுகினு குந்திகீற?" என்று பக்கத்து வீட்டு நண்பர் கிண்டல் செய்தார். அவர் காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவர்.

மறுநாள் மதியம் சோறு வெந்து, சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. பெருங்காயம் எடுத்துவர மறந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நண்பரின் பையில் ஒரு டப்பா இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டேன். வாசனை தூக்கியது.

தட்டு எடுக்க வந்த மகள் அந்த டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தைக் கண்ணருகில் வைத்துப் படித்தாள்.

"நைனா, இதுல கோதுமை மாவு கலந்துகீது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'ஒரு சிட்டிகைதானே' என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். சொந்தக்காரர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருமே, அதே வார்த்தை!

அதற்குள் அவளே கேட்டாள். "சாம்பார் கரண்டிய சோத்துல வெச்சியா?"

"இல்லம்மா."

"அப்ப சோறு ஓகே. சாம்பார் எனக்கு வேணாம். நீங்கல்லாம் துன்னுங்க, நான் தயிர் ஊத்திக்கிறேன்."

அழவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. பத்துப் பேர் பசியோடு பார்த்துக்கொண்டிருக்க, தலை நிமிர்ந்து சொன்னாள்.

நண்பர்தான் எழுந்து வந்து சாம்பாரை இறக்கி ஓரமாக வைத்தார். "அத நைட்டு பரோட்டா வாங்கியாந்து தொட்டுக்கலாம். கொயந்த வேணான்னு சொல்லிச்சுல்ல? வேற வெப்போம், வா."

புதுக் குண்டான் இன்னொன்று இருந்தது. மகள் எல்லாரையும் கை கழுவிவிட்டு வரச் சொன்னாள். எந்தப் பொடி டப்பாவையும் அவள் படித்துப் பார்த்த பிறகே திறந்தோம். பூண்டைத் தட்டிப்போட்டு, பெருங்காயமே இல்லாமல் ஒரு தக்காளி ரசம் வைத்தோம். சாப்பிட உட்காரும்போது மணி மூன்றரை. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. நண்பரின் மனைவி இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார். அத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்து என் மகளும் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

ஊர் திரும்பும்வரை அவளுக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை.

எவ்வளவு நாள்தான் இந்தப் பிள்ளைக்குக் காவலாக நிற்க முடியும் என்று கவலைப்பட்டுக்கொண்டே இருந்தவன் நான். என் கவனக்குறைவிலிருந்தே தன்னைக் காப்பாற்றிக்கொண்டு, யார் மனமும் நோகாமல் 'வேணாம்' என்று சொன்னாளே, அதை நினைக்கும்போதெல்லாம் லாரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.