கல் போடும் வளைவு

பீர்மேட்டிலிருந்து எங்கள் ஊருக்கு இறங்கும் மலைப்பாதையில், குமுளிக்குக் கீழே ஒரு வளைவில் கல்குவியல் ஒன்று உண்டு. அதற்கடியில் என் அக்கா கிடக்கிறாள். நான் பிறப்பதற்கு முன், கங்காணி சேர்த்த ஆட்களோடு ஐயாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறியபோது ஐந்து வயதுக்காரிக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு நாள் தங்கிப் போகலாம் என்று ஐயா கங்காணி காலில் விழுந்தாராம். அந்த மனுஷன் நிற்கவில்லை. ஐயாவின் தோளிலேயே அவள் போய்விட்டாள். நரி தோண்டிவிடாமல் மேலே கல் அடுக்கினார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு இறங்கும்போது ஆளுக்கொரு கல் போடுவோம். ஐயா கதையைச் சொல்லுவார். "நாம சொல்லலைன்னா அவ பொறந்ததே பொய்யாப் போயிரும்" என்பார். அம்மா செத்த பிறகு அவருக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே வாத்தியாரம்மா ஆனேன். பள்ளியை நடத்திய வெள்ளைக்காரம்மா, லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பிள்ளைகள் படிக்க அவரவர் வீட்டுக் கதைகளைப் புத்தகமாக்கப் போவதாகச் சொன்னாள். நான் அக்கா கதையை எழுதிக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "பிள்ளைகள் புத்தகத்தில் சாவு எதற்கு? வேறு முடிவு எழுது" என்றாள்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வேலை ஒன்றும் போயிருக்காது. அச்சில் வர வேண்டும் என்ற அற்ப ஆசை. உட்கார்ந்து எழுதினேன். கங்காணி இரக்கப்பட்டு நின்றான். தோட்டத்துத் துரை பிள்ளையைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போனார். மருந்து கொடுத்தார். அவள் பிழைத்தாள். படமெல்லாம் போட்டு அழகாகத்தான் வந்தது, வெட்கங்கெட்ட புத்தகம்.

ஐயாவுக்கு எழுத்து தெரியாது. "வாசி, கேப்போம்" என்றார். நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அவர் வாயால் கேட்ட கதையையே ஒப்பித்தேன். பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "இனி எம்மவ சாக மாட்டா" என்றார்.  மாற்றி எழுதியதைச் சொல்லாமல் புத்தகத்தை மூடி வைத்தேன்.

என் மகள் எழுத்துக் கூட்டப் படித்ததும் அந்தப் புத்தகத்தைக் கீழே வைக்கவேயில்லை. அந்த வருஷம் ஊருக்குப் போகும்போதும் மூட்டையில் திணித்துக்கொண்டாள். வளைவில் ஐயா அவள் கையில் ஒரு கல்லைக் கொடுத்தார்.

"எதுக்குத் தாத்தா? பெரியம்மாதான் சாகலையே. தொரை குதிரையில ஏத்திட்டுப் போனாரே!"

"யாரு சொன்னா?"

புத்தகத்தை எடுத்து, விரல் வைத்து, சத்தமாக வாசித்தாள். ஐயா கடைசி வரி வரைக்கும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏளா, இத எழுதுனது நீதானா?"

"ஆமாய்யா."

அவர் தன் கல்லைப் போட்டார். பேத்தி கையிலிருந்ததையும் வாங்கிப் போட்டார். நானும் என் கல்லோடு குனிந்தேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ போடாத. ஒங்கக்காதான் பொழச்சிட்டாளே."