சாப்பாட்டுக்குப் பின் ஒரு குளிசை

இரண்டாவது முறையும் அவருக்குத் தாடையில்தான் நோ தொடங்கியது. கந்தசஷ்டிச் சூரன்போர் பார்த்துவிட்டு வந்த என் கணவர், கதவைப் பிடித்தபடி நின்று, "பல்லுக் குத்துது" என்றார். முதல் மாரடைப்பின்போதும் இதையேதான் சொன்னார். அந்தப் பக்கத்தில் அவருக்குப் பல்லே இல்லை.

ஓட்டோவில் ஏற்றும்போது உடம்பெல்லாம் வியர்வை. வைத்தியசாலை வரும்வரை நான் முருகனையும் திட்டினேன், இவரையும் திட்டினேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

வீட்டில் ஸ்ரென்ற் (அடைத்த குருதிக்குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்த ஒருவரோடு மல்லுக்கட்டுகிற ஆட்களுக்காகவே இதை எழுதுகிறேன். சொல்வதைக் கேளாத நோயாளியைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். சொன்னதை எழுத்துப் பிசகாமல் கேட்கிற நோயாளியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை.

அவர் உரும்பிராயில் வெங்காயம் செய்கிற கமக்காரர். அந்த வருடம் ஆடியில் முதல் மாரடைப்பு வந்து ஸ்ரென்ற் வைத்தார்கள். அஸ்பிரினும், குருதி உறையாமல் இருக்க இன்னொரு குளிசையும் தந்தார்கள். காலையில் புட்டைச் சாப்பிட்டு, இரண்டையும் விழுங்கி, வெறுங்கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போவார். நானும் நம்பி இருந்துவிட்டேன்.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. உயிர் பிழைத்ததற்கு நேர்த்திக்கடன் என்று ஆறு நாளும் உபவாசம் பிடித்தார். விடியப் போனால் பொழுதுபடத்தான் கோயிலிலிருந்து வருவார். குளிசைப் பை வேட்டி மடிக்குள்ளேயே இருந்தது. போடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு பெண் வைத்தியர் நின்றார். எங்கள் மகளின் வயதுதான் இருக்கும்.

"ஐயா, குளிசை ஒழுங்காப் போடுறனீங்களோ?"

"ஓம் பிள்ளை. ஒருநாளும் விடேல்லை. இந்த விரதத்துக்குத்தான் போடேல்லை."

"ஏன் போடேல்லை?"

"பையிலை சாப்பாட்டுக்குப் பிறகு எண்டு கிடக்கு. நான்தான் சாப்பிடேல்லையே."

வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். உயிர் தந்த கடவுளுக்கு நன்றி சொல்லப் போய், அந்த உயிரையே திருப்பிக் கொடுக்கப் பார்த்த மனிதரை என்ன செய்வது?

ஸ்ரென்றுக்குள் குருதி உறைந்து அடைத்திருந்தது. மறுபடி திறந்தார்கள். ஆள் தப்பிவிட்டார். ஆனால் இதயத்தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது, அது இனித் திரும்பாது என்றார்கள்.

வாட்டுக் கட்டிலுக்கு வந்ததும் அவருக்கு முழங்கால்தான் பெரிய கவலை. கோயிலைச் சுற்றிச் சுற்றி அது வீங்கியிருந்தது. கனடாவில் இருக்கும் அவருடைய தங்கை, என் மச்சாள், போனில், "அண்ணைக்கு நான் அனுப்பின ஐபுபுரோபனைக் (நோவும் வீக்கமும் குறைக்கும் குளிசை) குடுங்கோ" என்று அன்புக் கட்டளை போட்டாள். வைத்தியரிடம் கேட்டேன். அவர் கட்டிலருகில் நின்றே விளங்கப்படுத்தினார்.

எங்கள் உடம்பின் ஒவ்வொரு கலத்தின் (செல்லின்) சவ்விலும் கொழுப்பு இருக்கிறதாம். காயமோ எரிச்சலோ வந்தால் அதிலிருந்து ஒரு துண்டைக் கழற்றி, கலம் செய்தி அனுப்புமாம். குருதிச் சிறுதட்டுகள் (குருதியை உறையவைக்கும் நுண்ணிய துணுக்குகள்) அதைத் துரொம்பொக்சேன் ஆக்கி, ஒன்றோடொன்று ஒட்டு என்று சொல்லும். மூட்டில் அதே கொழுப்பு புரொஸ்ரகிளண்டின் ஆகி, வீங்கு, நோ என்று சொல்லும். இந்த இரண்டு மாற்றத்தையும் மறிக்கிறதுதான் அஸ்பிரினின் வேலையாம். நான் அவ்வளவு காலமும் கொழுப்பென்றால் தேங்காய்ப்பால் என்று நினைத்து, சொதியைத் தண்ணீராக வைத்து அவரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

"அப்ப அஸ்பிரின் முழங்காலுக்கும் கேட்க வேணுமே?" என்றார் இவர்.

"இந்தச் சின்ன அளவு சிறுதட்டுக்குத்தான் காணும், முழங்காலுக்குப் போதாது, ஐயா. ஐபுபுரோபனைப் போட்டால், அஸ்பிரின் பிடிக்கவேண்டிய இடத்திலை அது போய்க் குந்திவிடும். பிறகு அஸ்பிரின் சும்மா வந்து போகும்."

நெஞ்சைக் காக்க முழங்காலை நோக விடவேண்டும். இதை ஒரு மனிதருக்குச் சொல்லிச் சமாளிக்கிற வேலை எனக்கு. மச்சாளுக்குச் சொல்வது அதைவிடப் பெரிய வேலை.

அஸ்பிரின் பட்ட சிறுதட்டு சாகும்வரை துரொம்பொக்சேன் செய்யாது. ஆனால் அதன் ஆயுளே ஒரு கிழமை, பத்து நாள்தான். எலும்புக்குள் இருக்கும் மச்சை நாளுக்கு நாள் புதியவற்றை அனுப்பிக்கொண்டே இருக்கும். அவர் பட்டினி கிடந்த அந்த நாட்களில், குளிசையைக் கண்டறியாத சிறுதட்டுகள் குருதியில் நிறைந்துவிட்டன.

அடுத்த கந்தசஷ்டிக்கும் ஆள் ஆயத்தமாகிவிட்டார். போன முறை பாறணை (விரதம் முடித்து உண்பது) செய்யாமல் கட்டிலில் கிடந்தாராம், நேர்த்தி குறையாக நிற்கிறதாம். கிளினிக்கில் வைத்தியர், "பிடிக்கிறதெண்டால் ஒருநேரமாவது சாப்பிட்டுப் பிடியுங்கோ. குளிசை மட்டும் நிக்கப்படாது" என்றார்.

முதல் நாள் விடிய முழுகித் திருநீறு பூசிக்கொண்டு வந்தார். நான் கதலிப்பழமும் குளிசையுமாக வாசல் படலையில் நின்றேன்.

"நேற்றும் போட்டனான்தானே. இண்டைக்கு விட்டால் என்ன?"

"இண்டைக்குப் பிறந்த சிறுதட்டுகளுக்கு நேற்று நடந்தது தெரியாது."

என் கையிலிருந்த பழத்தை வாங்கி உரித்தார்.

முன்பெல்லாம் எங்கள் வாழ்க்கையை நான் வருடமாகத்தான் நினைப்பேன். இப்போது விடிகிற ஒவ்வொரு நாளும், அவருடைய உடம்புக்குள் ஒன்றும் அறியாத ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. அதற்கு முதலிலிருந்து சொல்லவேண்டும். எனக்கு அலுத்துத்தான் போகிறது. போகட்டும்.

குளிசையை விழுங்கி வெறுங்கையைக் காட்டினார். ரோட்டில் இறங்கி நொண்டிக்கொண்டு நடந்தவர், திரும்பி நின்று கேட்டார்.

"உதுகள் நாளைக்கும் பிறக்குமோ?"

"நீங்கள் இருந்தால் பிறக்கும்" என்றேன்.