நான்தான் என்று சொன்ன கருப்பணன்

கருப்பணன் சாணார்பட்டிக்காரன். திண்டுக்கல்லில் ஆட்டுத்தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. அதிகம் பேசமாட்டான். பேசிய ஒரு வார்த்தைக்கு ஆயுள் தண்டனை வாங்கினான். அந்த வார்த்தையைக் கற்றுக்கொடுத்தவன் நான்.

அங்கே நான் சங்கச் செயலாளர். மெஷின் நின்றாலும் தோல் கிழிந்தாலும் மேனேஜர் வந்து, "எவன்டா பண்ணது?" என்று கத்துவார். ஒருவன் "நான்தான்" என்றால் உடனே அத்தனை பேரும் "நான்தான்" என்று சொல்ல வேண்டும். யாரை வேலையிலிருந்து நிறுத்துவது என்று தெரியாமல் அவர் திரும்பிப் போய்விடுவார். என் கண்டுபிடிப்பு அது. அதைப் பற்றி எட்டுப் பக்கத்துக்குத் துண்டறிக்கை வேறு போட்டேன். படித்தது நானும் அச்சகக்காரரும்.

ஒரு நாள் காலையில் மேஸ்திரி தலையில் அடிபட்டுக் குழிக்குள் செத்துக் கிடந்தார். மேனேஜர் வழக்கம்போலக் கத்தினார். கருப்பணன் வழக்கம்போல "நான்தான்" என்றான். மற்ற பதினோரு பேரும் வாயைத் திறக்கவில்லை. அவன் சட்டையில் ரத்தக்கறை. மேஸ்திரியோடு கடைசியாகப் பேசியவனும் அவன்தான். போலீசுக்கு வேறென்ன வேண்டும்?

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். "வீரத் தோழர் கருப்பணனை விடுதலை செய்!" என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினேன். 'வீர' மட்டும் கொட்டை எழுத்தில்.

ஆயுள் தண்டனை விழுந்தது. மேல்முறையீட்டுக்காக அவன் மனைவி மூக்காயியோடு மதுரைக்குப் போனேன். வக்கீல் மலர்விழி என் நோட்டீஸை விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இது நீங்க போட்டதாண்ணே?"

"ஆமாம்மா. நாலாயிரம் காப்பி."

"'வீர'ன்னு போட்டு அரசு வக்கீலுக்கு வேலையே வைக்கல நீங்க."

மூக்காயி குறுக்கே விழுந்தாள். "எது நடந்தாலும் நான்தான்னு சொல்லுங்கன்னு இவருதாம்மா பழக்கி விட்டாரு. அந்த மனுசன் சொல்லிட்டு, மத்தவகளும் சொல்லுவாகன்னு செத்த நேரம் பாத்துக்கிட்டு நின்னுருக்காரு. ஒரு பய வாயத் தொறக்கல."

"இத ஏண்ணே நீங்க கோர்ட்ல சொல்லல?"

உத்தி வெளியே தெரிந்தால் அடுத்த முறை பலிக்காதே என்று நினைத்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் ஃபேனைப் பார்த்தேன்.

மலர்விழி பழைய கேஸ் கட்டை முழுக்கப் படித்தார். குறுக்கு விசாரணையில் மேனேஜரே சொல்லியிருந்தார்: "எது கேட்டாலும் அங்க எல்லாரும் நான்தான்னுதான் சொல்லுவாங்க." அந்த ஒரு வரியை அதுவரை யாரும் கண்டுகொள்ளவில்லை; மலர்விழி அதையே பிடித்துக்கொண்டு வாதாடினார். அப்படிப்பட்ட இடத்தில் சொன்ன ஒப்புதலை நம்ப முடியாது என்றது உயர் நீதிமன்றம். சட்டையில் இருந்தது மனித ரத்தமா ஆட்டு ரத்தமா என்று யாரும் சோதிக்கவில்லை. மேஸ்திரி வழுக்கி விழுந்திருக்கவும் கூடும். ஆறு வருடம் கழித்து விடுதலை.

வெளியே வந்த அன்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்தோம். என் முழங்கை பட்டு ஒரு கிளாஸ் விழுந்து உடைந்தது.

"யாரு அது?" என்றார் கடைக்கார வாஜித்.

கருப்பணன் வாயைத் திறந்தான். பழைய வார்த்தைதான் வரப் போகிறது என்று நினைத்தேன். அவன் என்னை நோக்கிக் கையை நீட்டினான்.

"செயலாளருதான் பாய். நான் கண்ணால பாத்தேன்."

"நான்தான்" என்றேன். சேர்ந்து சொல்ல ஆள் யாரும் இல்லை.