அங்கிளுக்கு ஒரு பெரிய பெட்டி

என் மனுசனுக்கு நீரிழிவு. கண் மங்கிய பிறகு சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றில் இன்சுலின் போடுவது என் வேலையாயிற்று. "மெல்லக் குத்தும், நான் என்ன குச்சி குத்திப் பழுக்க வைக்கிற பலாக்காயே?" என்பார். "வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ" என்பேன். குத்திய ஊசிகளை ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பெட்டிக்குள் போடுவோம். நிறைந்ததும் அவரே பிளாசாவில் நாங்கள் மருந்து எடுக்கும் பாமசிக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, வெறும் பெட்டி வாங்கி வருவார்.

பனிக்காலத்தில் அவர் போய்விட்டார். பெட்டி முக்கால்வாசி நிறைந்தபடி சமையலறையில் கிடந்தது. மகளின் பிள்ளை அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. "அம்மா, உது இஞ்ச இருக்குமட்டும் நான் பிள்ளையைக் கொண்டு வரமாட்டன்" என்று சொல்லிவிட்டாள்.

"உதுக்கேன் அலைச்சல்? பையில கட்டிக் குப்பைக் குழாய்க்குள்ள போட்டுவிடுங்கோவன்" என்றாள் எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கு விசர்க்கோபம் வந்தது. கனடாவுக்கு வந்த புதிதில் இவர் ஓர் ஒஃபிஸ் கட்டடத்தில் கிளீனிங் வேலை செய்தவர். குப்பைப் பையைத் தூக்கியபோது எவனோ எறிந்த ஊசி தொடையில் ஏறிவிட்டது. இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை மனுசன் மகளைத் தூக்கவில்லை, என் பக்கத்தில் படுக்கவுமில்லை. அவருடைய ஊசி இன்னொருவன் கையில் ஏறுவதா? "உங்கட மகன் குப்பை அள்ளினாலும் உப்பிடித்தான் சொல்லுவியளோ?" என்று கேட்டேன். அன்றிலிருந்து அவள் லிஃப்டில் என்னோடு கதைப்பதில்லை. கதைக்காவிட்டால் போகட்டும்.

ஆனாலும் நான் உடனே கொண்டுபோகவில்லை. அவருடைய உடுப்பு, சப்பாத்து எல்லாம் கொடுத்தாயிற்று. அந்தப் பெட்டிக்குள் கிடந்ததோ அவருடைய இரத்தம். கொடுக்க மனம் வரவில்லை. பேரப்பிள்ளையைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

கடைசியில் ஒருநாள் கொண்டுபோனேன். பாமசியில் நிற்கும் பெட்டை இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. அவளுக்கு அவரை நன்றாகத் தெரியும்.

"ஹாய் அன்ரி! அங்கிள் வரேல்லையா?"

"அவர் மோசம் போயிட்டார், பிள்ளை."

எங்கள் ஆட்கள் இறந்தவரை அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பிள்ளைக்கு மோசம் என்றால் வெறும் மோசம்தான்.

"ஓ நோ! சுகர் கூடிட்டுதா? வொறி பண்ணாதீங்கோ அன்ரி, அங்கிளுக்குப் பெரிய பெட்டி தாறன்."

திருத்த வாயெடுத்தேன். செத்துப்போனார் என்ற சொல் வரவே இல்லை. அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவள் குனிந்து அவருக்காகப் பெரிய பெட்டி தேடினாள். உலகத்தில் ஒருத்தியாவது அவர் வீட்டில் இருக்கிறார் என்று நினைக்கிறாளே! "தாங்ஸ் பிள்ளை" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மகள் பிள்ளையோடு வந்தாள். பெட்டியைக் கண்டதும், "என்னம்மா, ஒண்டைக் குடுத்துப்போட்டு அதிலும் பெரிசொண்டு வாங்கி வந்திருக்கிறியள்? ஆருக்கு?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். சிரிக்கத் தொடங்கியவள், வெறும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

போன கிழமை பிரஷருக்கு நான் விழுங்கும் குளிசை எடுக்கப் பாமசிக்குப் போனேன். குளிசைப் பையை நீட்டியபடி அந்தப் பிள்ளை கேட்டாள்:

"அங்கிளுக்கு இப்ப எப்பிடி அன்ரி?"

"பரவாயில்லை, பிள்ளை" என்றேன். "இப்ப ஊசி போடத் தேவையில்லை."