நான்காவது கண்

மூச்சிரைப்புக்காக, பர்மாவில் சீனர்கள் வாழும் லத்தா பகுதியில் ஒரு சீன மருந்துக் கடைக்குப் போனேன். தடித்த கண்ணாடி அணிந்த கடைக்காரர், மூங்கில் குச்சியில் விரித்துக் காயவைத்த பெரிய பல்லிகள் இரண்டை எடுத்தார். பல்லி விழுந்த பாலைக் கொட்டிவிடும் வீட்டில் வளர்ந்த நான் ஓரடி பின்வாங்கினேன்.

இடுக்கியால் கண்களைப் பிடுங்கி, எண்ணித் தட்டில் போட்டார்.

"எதுக்கு எண்ணுறீங்க?" என்று பர்மியத்தில் கேட்டேன்.

"கண்ணுல விஷம், ஊலே. நாலும் வெளிய வரணும்," என்றார்; ஊலே என்றால் பர்மியத்தில் மாமா.

நான்காவது கண்குழி காலியாக இருந்தது. எனக்காகக் கலந்து வைத்திருந்த மருந்தில் கண் விழுந்திருக்குமோ என்று எல்லாவற்றையும் கொட்டித் தேடினார், கிடைக்கவில்லை. அத்தனையையும் குப்பையில் போட்டுவிட்டு, வேறு ஜோடியை எடுத்து, அவற்றின் கண்களைப் பிடுங்கித் தட்டில் போட்டார்.

சுங்க அலுவலகத்தில், பார்க்காமலே 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் தட்டை நீட்டினார்.

"நீங்களும் எண்ணுங்க, ஊலே. குடிக்கப்போறது நீங்க."

நான்கு இருந்தன. நான் மூன்றாம் முறை எண்ணி முடிக்கும்வரை, அவர் தட்டை அசைக்காமல் பிடித்திருந்தார்.