பாடாமல் வந்த கன்னியம்மாள்

நூம்பல் ஊரில் யார் செத்தாலும், பந்தலுக்குச் சொல்லும் முன்பே கன்னியம்மாளுக்கு ஆள் வந்துவிடும். பதினெட்டு வயதில் தொடங்கியவள், முப்பத்தாறு வயதுக்குள் நாற்பத்தோரு சாவுகளில் ஒப்பாரி எடுத்துக் கொடுத்திருந்தாள். அந்தக் குரல் வேலப்பன்சாவடி வரை கேட்கும் என்பார்கள், மிகையில்லை. அதே குரலால்தான் தினமும் தெருத்தெருவாகக் கீரை கூவி விற்று இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தாள்.

1987 ஆவணியில் குரல் கரகரத்து உடைந்தது. டாக்டர் தொண்டைக்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தார். உழைத்த கை காய்ப்பது போலக் குரல் நரம்பு காய்த்திருக்கிறதாம்.

"மூணு மாசம் கத்தாதீங்கம்மா. மெதுவா பேசலாம். மீறினா ஆபரேஷன்தான். அதுக்கப்புறம் குரல் வரும்னு நான் உத்தரவாதம் தர முடியாது."

மறுநாளிலிருந்து கூவாமல், சைக்கிள் மணி ஒன்றை அடித்துக்கொண்டே கீரை விற்றாள்.

ஐம்பத்து மூன்றாம் நாள் சித்தப்பா இறந்துபோனார். தகப்பன் இல்லாத அவளுக்கு முன்னின்று கல்யாணம் செய்து வைத்தவர். பங்காளி வீட்டு அன்னம்மாள் கூப்பிட வந்தாள்.

"எயிந்து வாடி. பொம்பளைங்க சும்மா குந்திகினு கீறாங்க."

"கத்தக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிகீறாருக்கா."

"ஊர்ப் பொணத்துக்கெல்லாம் தொண்ட இருந்துச்சு, சித்தப்பனுக்கு மட்டும் இல்லியா? பாத்துக்கோ, பத்திரமா பாத்துக்கோ. நாளைக்கு சினிமால பாட கூப்டப் போறாங்கோ!"

அவள் போனதும், காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்று கன்னியம்மாள் பாயை விரித்தாள். உட்கார்ந்தபோது உறைத்தது. படுத்துக்கொண்டால் காப்பாற்றப்படுவது தொண்டை இல்லை. ஏச்சு கேட்காமல் தப்பிக்கிற சுகம். அதை டாக்டர் எழுதிக் கொடுக்கவில்லை. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, அக்கா ராஜம்மாவோடு கிளம்பினாள்.

சாவு வீட்டில் பெண்கள் வழிவிட்டு, ஒப்பாரியின் முதல் அடிக்காகக் காத்திருந்தார்கள். கன்னியம்மாள் சித்தி ஞானம்மாளின் தோளில் கைபோட்டாள். "பாட முடியல சித்தி. தொண்ட கெட்டுப்போச்சு."

"கேட்டீங்களா நாயத்த!" என்றாள் அன்னம்மாள்.

"உனுக்குத்தான் நல்லா கீதே தொண்ட, நீ பாடேன்" என்றாள் ராஜம்மா.

யாருக்கும் பாட்டு எடுக்கத் தெரியவில்லை. அந்த அமைதியில் ஞானம்மாள் மெல்லப் பிணத்தின் பக்கம் திரும்பினாள்.

"யோவ், நேத்து சோறு கொயஞ்சிபோச்சின்னு திட்டினியே. இன்னிக்கு நல்லாத்தான்யா வடிச்சேன். துன்னாம பூட்டியே..."

பேசிக்கொண்டே போனாள். முப்பத்து நாலு வருஷத்துப் பேச்சு. கன்னியம்மாள் தேம்பித் தேம்பி அழுதாள். ஒப்பாரி எடுப்பவளுக்கு நினைப்பெல்லாம் அடுத்த அடியில்தான் இருக்கும். நாற்பத்தோரு சாவிலும் அவளுக்கு அழ நேரம் கிடைத்ததே இல்லை.

பிணம் எடுத்த பிறகு சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல வேள நீ பாடல, கன்னி. நீ எடுத்திருந்தா நானும் உன் பின்னாலயே பாடிகினு இருந்திருப்பேன். அந்தாளுகிட்ட ஒரு வார்த்த பேசியிருக்க மாட்டேன்."

கன்னியம்மாள் அந்தக் கையை விடாமல் சித்தியின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

கார்த்திகையில் டாக்டர் மறுபடி பார்த்தார். காய்ப்பு கரைந்துவிட்டது, ஆபரேஷன் வேண்டாம் என்றார். அதற்குப் பிறகும் கன்னியம்மாள் சாவு வீடுகளில் பாடினாள். ஆனால் செத்தவருடைய மனைவியோ கணவனோ பேசி முடிக்கும் வரை, யார் அவசரப்படுத்தினாலும் வாய் திறக்க மாட்டாள்.